கழித்தல்

அட்டனில் நஸ்லீம் கடையில்
வெள்ளை அட்டை ஒன்றை நீட்டினார்.
"என்ன தெரியுது?"
ஒன்றுமில்லை.
கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு
"இப்ப?"
ஒரு மீன்.
செதிலோடு, வாலைத் தூக்கிக்கொண்டு.

அந்த மீனுக்காகத்தான் வாங்கினேன், மூன்று தவணை.
போலரைஸ்ட் என்றார்.
எனக்கு நோர்வூட் பக்கம்
கண் கூசாமல் சைக்கிள் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான்.
மின்சார சபைப் பை முதுகில்,
மாதத்துக்கு எழுநூற்றுப் பதினொரு மீட்டர்.

முதல் நாள், இரவெல்லாம் பெய்து வெளுத்த காலை.
டிக்கோயா தாண்டி இறங்குகிறேன்,
காசல்ரீ தண்ணீர்மேல் எப்போதும் கிடக்கும்
வெள்ளித் தகட்டைக் காணோம்.
கரையோரம் அடிவரை தெரிந்தது:
செம்மண், ஒற்றைச் செருப்பு,
வரிசை பிசகாத மரக்கட்டைகள்.
எதிரே வந்த பொகவந்தலாவை பஸ்ஸின் ஜன்னல்களில்
ஊதாவும் நீலமுமாய்த் தேமல்.
பஸ்ஸுக்கே தெரியாது.

மேட்டில் லயங்கள்.
மழை விட்ட காலைகளில் கீழிருந்து பார்த்தால்
மினுங்கும் கூரைகள்;
வேனை நிறுத்திப் படம் எடுப்பார்கள்.
இன்றைக்கு மினுக்கம் இல்லை.
துரு.
தார் அப்பிய ஒட்டு.
காற்றுக்குத் தூக்காமல் இருக்க வைத்த
கல், டயர், உடைந்த அம்மி.

தவமலர் அக்கா வாசலில்
மீட்டர் இருண்டு கிடந்தது.
தட்டினேன். ஊதினேன்.
பக்கத்து வீடும் இருட்டு,
அதற்கடுத்ததும்.
"கரண்ட் இருக்கே தம்பி, ரேடியோ பாடுதே."
யோசிக்கத் தலையைச் சாய்த்தேன்,
இலக்கங்கள் மெல்ல எழுந்து வந்தன.
நிமிர்ந்தேன், செத்தன.

விஷயம் பிடிபட்டதும்
லயமே கூடி மாட்டிப் பார்த்தது,
மீட்டருக்கு முன்னால் ஒவ்வொருவராய்த்
தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து.
"இதப் போட்டுக்கிட்டே வாங்க மாசாமாசம்,
ஒன்னுமில்லன்னு எழுதிட்டுப் போங்க,"
என்றார் தவமலர் அக்கா.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"கொழுந்து நிறுக்கிற ஐயாகிட்ட மட்டும் காட்டிராதீங்க.
இது இல்லாமலே
அவரு கண்ணுக்கு ரெண்டு கிலோ தெரியிறதில்ல."

சிரித்தபடியே இறங்கினேன்.
கண்ணாடி மறுபடி மூக்கில்.
தேயிலை அவ்வளவு பச்சை,
இலைக்கு இலை விளிம்பு.
சவுக்கு மரத்து முடக்கில்
பீலித் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடக்கும்.
எட்டு வருடமாக அது என்னிடம்
தூரத்திலிருந்தே பளபளத்துச் சொல்லும்:
இங்கே ஈரம், பிரேக்கைத் தொடாதே.
இன்று அதுவும் வெறும் தார்போல் கிடந்தது.
தொட்டேன்.

சில்லு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
முழங்கால் கிழிந்து,
பையிலிருந்து சிதறிய பில்கள்
வாய்க்காலில் மிதந்து போக,
மரக்கறி லொறிக்காரர் ஓரங்கட்டிச்
சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.
கண்ணாடியையும் அவர்தான் தேடித் தந்தார்,
சட்டையில் துடைத்து.

கூச்சம் என்று நான் கழித்த ஒளியில்
எனக்கு வேண்டிய ஒரு சொல் இருந்திருக்கிறது.

நஸ்லீம் மாற்றித் தரமாட்டார், கேட்டாயிற்று.
இப்போதும் போடுகிறேன், ஏற்றத்தில்.
முடக்கு வந்தால் நெற்றிக்கு ஏற்றிவிடுவேன்,
மீட்டருக்கு முன்னும்.
இடது கண்ணில் விழுந்த கீறல்
எதிர்மலையில் போய்ப் படிகிறது,
இன்னும் யாரும் வெட்டாத
ஒரு சின்ன ரோட்டைப் போல.
சில நாள் அதில் மிதிக்கிறேன்.