சட்டைப்பையில் ஓர் ஆடு

மண்டல்கோவியிலிருந்து வந்த படிவத்தில்
ஏழாவது கேள்வி:
குழந்தை பத்துவரை எண்ணுகிறதா?
ஆம், இல்லை. இரண்டு கட்டம்.
கூடவே ஒரு பெட்டி நிறைய
சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் வில்லைகள்,
எண்ணிப் பழக.

ஜூன் மாதம். புல் எங்கே போகிறதோ
அங்கே போகும் எங்கள் பள்ளி.
ஒரு கெர் கூடாரம், ஓர் இரும்பு அடுப்பு,
பதினோரு பிள்ளைகள், நான்.
லாரியிலிருந்து இறக்கிய கையோடு
வில்லைகளைத் தரையில் கொட்டிவிட்டுப்
பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனான் தாஷ்ன்யாம்.
அது இப்போது லாரி.
ஹாரன் அவன் வாயில்.

மரல்மாவுக்கு ஐந்து வயது.
கல்லை வட்டமாக அடுக்கி வீடு கட்டியிருக்கிறாள்.
வாசல் தெற்கு பார்த்து; அதில் பிசகு கிடையாது.
வெள்ளைக் கல் செம்மறி. கறுப்பு, வெள்ளாடு.
நீளமாய், கொஞ்சம் கோணலாய் இருப்பது ஒட்டகம்;
குணம் சரியில்லை, தள்ளிக் கட்டியிருக்கிறது.

எத்தனை ஆடு? என்றேன்.
"நிறைய."
எண்ணித்தான் சொல்லேன்.
"ஒன்று, இரண்டு, நான்கு" என்றவள்
பால் கறக்க நேரமாச்சு என்று எழுந்து போனாள்.
'இல்லை' கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
வைத்தவள் ஏனோ கோடு இழுக்கவில்லை.

மத்தியானம் அவர்கள் தூங்கும்போது
ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துப்
பைக்குள் போட்டுக்கொண்டேன்.
சோதனை என்று அதற்குப் பெயர்.
முப்பதோ நாற்பதோ கல், எல்லாம் ஒன்றுபோல்.
பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த எனக்கு
ஒன்று குறைந்தது தெரிந்திருக்காது.

எழுந்து வந்தாள். நின்றாள்.
விரல்கூட மடக்கவில்லை.
கல்யாண வீட்டில் யார் வரவில்லை என்று
பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.
"காது கிழிந்தவளைக் காணோம்."

யாரும் யாருக்கும் சொல்லாமலே
பதினோரு பேரும் ஆளுக்கொரு திசை.
லாரி வடக்கே போனது.
வெயில் நாளில் ஆடு காற்றை எதிர்த்துத்தான் மேயும்,
அப்படியானால் இந்தப் பக்கம் என்றான் ஒருவன்;
ஈரம் செய்த விரலை நீட்டி
இல்லை, அந்தப் பக்கம் என்றாள் இன்னொருத்தி.
ஓநாய் என்று சொல்ல வாயெடுத்த சின்னவனை
"வானத்து நாய் என்று சொல்" என்று அடக்கினார்கள்.

சூப் ஆறிக் கொழுப்பு உறைந்தது.
ஒருவரும் வரவில்லை.
மகனைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்த
தாஷ்ன்யாமின் அப்பா
"என்ன தொலைந்தது?" என்றார்.
"காது கிழிந்த ஆடு."
எந்தப் பக்கம் என்று கேட்டு வண்டியைத் திருப்பினார்.
கல் என்று அவருக்குத் தெரியுமா?
இன்றுவரை நான் கேட்கவில்லை.

பை கனத்தது.
சமாளித்துவிடலாம் என்று
வறண்ட ஓடையில் வேறொரு வெள்ளைக் கல் பொறுக்கி
இதோ, கிடைத்துவிட்டது என்று நீட்டினேன்.
வாங்கினாள். புரட்டினாள்.
"இது பக்கத்து வீட்டு ஆடு, டீச்சர்.
பாவம், தேடிக்கொண்டிருப்பார்கள்.
கொண்டுபோய் விட்டுவிடுங்கள்."
கொண்டுபோய் விட்டேன்.
எடுத்த இடம் எது என்று தெரியாமல்
ஓடையில் கொஞ்ச நேரம் திண்டாடினேன்.

பொழுது சாய்ந்தபின்
ஒரு முட்புதரடியில் நழுவவிட்டேன், நிஜமானதை.
அவள்தான் கண்டாள்.
துள்ளவில்லை. இடுப்பில் கைவைத்துத் திட்டினாள்,
அவள் அம்மா குரலில், அம்மாவின் வார்த்தைகளில்.
பிறகு அதற்குக் குளிருமென்று
மேலங்கியின் மார்புக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

எல்லோரும் போனபிறகு
விளக்கடியில் அந்தக் கல்லைப் பார்த்தேன்.
ஓரத்தில் நகத்தளவு உடைசல்.
காது.

ஏழாவது கேள்வியின் பக்கத்தில்
'எண்ணத் தெரியாது, ஆனால் ஒன்று குறைந்தால்'
என்று எழுத ஆரம்பித்தேன்.
இடம் போதவில்லை.

மறுநாள் காலை மரல்மா வந்தாள்.
மந்தைப் பக்கம் திரும்பவில்லை.
நேரே என்னிடம் வந்து
என் பையைத் தட்டிப் பார்த்தாள்.