ஊறுகாய்க் குப்பிக்குள் ஐந்து பேர்

கச்சான் மூன்று நாளாய் ஓயவில்லை.
தென்கடல் கலங்கிக் கிடக்கிறது
சாணி கரைத்த வாளிபோல்.
பாசிக்குப் போக வழியில்லை.
சின்னப்பாலத்தில், என் அடுப்படியில்,
ராக்கம்மா கால்நகத்தைச் சுரண்டுகிறாள்.
நான் அலமாரியைச் சுரண்டுகிறேன்.

நாகு வீட்டுக் காதுகுத்தில் மிஞ்சிய
எலுமிச்சை சோடா, பெரிய பாட்டில்.
பாயசத்துக்கென வாங்கிப் பாயசமாகாத
உலர்திராட்சை ஒரு பொட்டலம்.

குடிக்கத்தான் ஊற்றினேன்.
டம்ளரெல்லாம் கழுவாமல் கிடந்ததால்
ஊறுகாய்க் குப்பியில்.
கைதவறி ஒரு திராட்சை உள்ளே விழுந்தது.

முதலில் அடியில் போய் உட்கார்ந்தது,
கடன்காரன் குரல் கேட்ட ஆள்போல.
பிறகு மேலெல்லாம் பொடிப்பொடியாய்க்
குமிழி முளைத்தது.
ஒரு பக்கம் சாய்ந்து, எழும்பி,
நீர்மட்டம் வந்ததும்
குமிழிகள் பட்பட்டென்று உடைய
ஒரு புரள். திரும்பவும் கீழே.

"ஏத்தா, இது நாமதான்" என்றாள் ராக்கம்மா.

இன்னும் நாலு போட்டோம். பெயர் வைத்தோம்.
இது நீ, இது நான்,
இது முக்கு வீட்டு வெள்ளைத்தாய்
(எப்போதும் ஒரு முழுக்கு கூடுதல் போடுவாள்),
இது பூரணம், தலை வெளியே வந்தவுடன்
மூச்சுக்கு முன்னால் பேச்சை எடுப்பவள்.
ஐந்தாவது, பொடிசு,
போன மாதம்தான் எங்களோடு சேர்ந்த அஞ்சலை.
பாதி வழி ஏறி, பயந்து, திரும்பியது.

வியாபாரிக்கு ஒரு சோழி.
வழவழப்பு. கனம்.
நாலு குமிழி தயங்கித் தயங்கி ஒட்டியும்
ஆள் அசையவில்லை.
"கிலோவுக்கு ரெண்டு ரூபா ஏத்துங்கன்னப்பவும்
இப்படித்தான் உக்காந்திருந்தாரு."

குப்பியோடு கண்ணை ஒட்டிப் பார்த்தேன்.
குமிழி பிறப்பது
திராட்சையின் சுருக்கத்து இடுக்கில்.
மடிப்பு இருந்தால் காற்றுக்கு ஒதுங்க இடம்.
ஆறு மணிநேரம் நீரில் ஊறி
கட்டக்கோரை பறித்த நாளில்
துணிச்சுற்றை அவிழ்த்தால்
எங்கள் விரலும் இதே நிறம், இதே சுருக்கம்.
இதை ராக்கம்மாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் முகத்தையும் சேர்த்துக்கொண்டு
சண்டைக்கு வருவாள்.

"கடல்னா உப்பு வேண்டாமா?"
நான் தடுப்பதற்குள் ஒரு கை உப்பு போட்டுவிட்டாள்.
குப்பி சீறியது.
நுரை வாய்தாண்டி, மேடைதாண்டி,
தீப்பெட்டியை நனைத்து,
அஞ்சலையைத் தூக்கித் தரையில் போட்டது.
உள்ளே ஒடுங்கியிருந்த காற்றெல்லாம்
உப்புக்கல்லைப் பிடித்துக்கொண்டு
ஒரே மூச்சில் போய்விட்டது போல.

பிறகு சத்தமில்லை.
மஞ்சள் தண்ணீர்.
நாலும் அடியில்.
சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம்,
ஒரு நிமிடம், ரெண்டு நிமிடம்.
யாரும் எழவில்லை.

பேரே வைத்திருக்கக் கூடாது.

ராக்கம்மா எழுந்து வாசல் பக்கம் போனாள்.
எனக்கோ கை பரபரத்தது.
ஆப்பசோடா டப்பா எங்கே, எலுமிச்சை எங்கே,
அரை ஸ்பூன், முழுப் பழம், கொட்டை சகிதம்
பிழிந்தேன்.
குபுகுபுவென்று மறுபடி வெள்ளை.
முதலில் பூரணம் வந்தாள், வேறு யார் வருவார்.
அப்புறம் நான்.
அப்புறம் வெள்ளைத்தாயும் ராக்கம்மாவும்
ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு.
தரையில் கிடந்த அஞ்சலையைக் கழுவி
உள்ளே விட்டேன்.

"வாடி, நீ மேலதான் இருக்க" என்று கத்தினேன்.
வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு மடக்கு குடித்துவிட்டு
"சோப்புத் தண்ணி" என்று துப்பினாள்.

சோழியை மறந்து, மறுநாள்தான் எடுத்தேன்.
பளபளப்பு போய், தொட்டால் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது.
புளிப்பில் கிடந்தால் ஓடும் கரையும்.
வியாபாரிக்கு இது தெரியுமோ என்னவோ.

நாலாம் நாள் கடல் தெளிந்தது.
காலில் தகரத்தட்டு, இடுப்பில் வலைப்பை,
பாறைக்கடியில் மரிக்கொழுந்துப் பாசி.
நிமிர்ந்தால் பக்கத்தில் ராக்கம்மா.
புருவத்தில், மூக்குத்தியில், அவிழ்ந்த கொண்டையில்
பொடிப்பொடியாய்க் குமிழி.
ஒரு பக்கம் சாய்ந்து
எழும்பத் தொடங்குகிறாள்.

கண்ணாடிக்குள் சிரிப்பு வந்து
அரைப்படி கடலைக் குடித்துவிட்டேன்.