கேசரிப் பொடி

யீஷூன், ஒன்பதாவது மாடி, இரவு இரண்டேகால்.
ஸ்ஸ்ஸ்.
பாம்பில்லை. பாம்பென்றால்
விடிவதற்குள் போயிருக்கும்.

ஆகஸ்டு மாதத் தண்ணீர்க் கட்டணத் தாளில்
எங்கள் வீட்டுப் பட்டை மட்டும்
அக்கம்பக்கத்துச் சராசரியின் தோளில் ஏறி நின்றது.
"ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி"
என்று புரண்டு படுத்தார் மதியழகன்.
வேகிறது நான்தான் என்று நான் சொல்லவில்லை.
குழாய்க்காரர் நூற்றிருபது வெள்ளி என்றார்,
வந்து பார்ப்பதற்கு மட்டும் நாற்பது.
பார்க்க எனக்கும் இரண்டு கண் இருக்கிறது.

சனிக்கிழமை, பீங்கான் மூடியைத் தூக்கித்
துண்டு விரித்துத் தரையில் கிடத்தினேன்.
பதினான்கு வருடம் அழுத்தியிருக்கிறேன்,
உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.
ஒரு மிதவை, ஒரு வால்வு, பழுப்பேறிய சுவர்,
நடுவில் அப்பழுக்கில்லாத தண்ணீர்.
அதில் கொஞ்சம் ஜொகூரிலிருந்து
பாலம் கடந்து வந்திருக்கும்,
எந்த வாய்க்கும் போகாமல்
எந்தச் செடிக்கும் போகாமல்
இங்கே கிடந்து நழுவுவதற்கு.

போன தீபாவளிக்கு வாங்கிய கேசரிப் பொடி.
ஒரு சிட்டிகை தூவி, மூடி வைத்து,
அரை மணி கழித்து வந்தால்
கோப்பையின் வெள்ளையில் ஓர் ஆரஞ்சு நூல்.
கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கீழே கோவின் கடையில்
கைப்பேசிப் படத்தை இரு விரலால் பெரிதாக்கி
"இந்த மாடல் நிறுத்தி ரொம்ப நாளாச்சு லா" என்றார்.
என்றாலும் ஏதோ ஒரு டப்பாவின் அடியிலிருந்து
ஒரு ரப்பர் வளையம் எடுத்தார், இரண்டு வெள்ளி எண்பது.
மாட்டினேன்.
திறந்த தொட்டி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.
ஒரு சொட்டு இல்லை.
மூடினேன். சோறு வடித்தேன்.
ராத்திரி:
ஸ்ஸ்ஸ்.

அடுத்த சனி முழு வால்வையே மாற்றினேன்,
இருபத்திரண்டு வெள்ளி, ஒரு நகம்.
பார்த்துக்கொண்டே இருந்தால் ஒழுகாது.
மூடிவிட்டு நகர்ந்தால் ஒழுகும்.
தலைமை ஆசிரியர் நிற்கும்வரை
கைகட்டிக்கொண்டிருக்கும் வகுப்பு மாதிரி.

மூன்றாவது சனி எதுவும் வாங்கவில்லை.
மூடியை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
பீங்கானில் காதை ஒட்டி
இன்னொரு முறை வைத்தபோது
உள்ளே மெல்ல ஒரு 'டக்'.

கவிழ்த்துப் பார்த்தேன்.
பட்டனுக்கு அடியில் தொங்கும் பிளாஸ்டிக் தண்டு
ஒரு நெல்மணி நீளம் அதிகம்.
மூடிய நேரமெல்லாம்
வால்வின் தலையில் விரல் வைத்தபடி
யாரும் அழுத்தாமலே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

ஜூன் மாதம், பட்டன் ஆடுகிறதே என்று
பல் துலக்கிக்கொண்டே
அந்தத் தண்டை இரண்டு சுற்று இறக்கிய
கெட்டிக்காரி யார்?

நான்தான்.

இரண்டு சுற்று ஏற்றினேன்.
ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை.
மறுபடியும் பொடி, மறுபடியும் மூடி, ஒரு மணி நேரம்.
தொட்டிக்குள் கல்யாணப் பந்தி,
கோப்பையில் வெறும் வெள்ளை.

குற்றமில்லாத பழைய வளையத்தையும்
குற்றமில்லாத பழைய வால்வையும்
பிளாஸ்டிக் பையில் கட்டி
அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.
எறிய மனசு வரவில்லை.

இரவு, மேல்மாடியில் யாரோ நாற்காலி நகர்த்தினார்கள்.
கடைசி ரயில் காத்திப் பக்கம் போனது.
அப்புறம் ஒன்றுமில்லை, வெகுநேரம்.

"என்ன கோளாறாம்?" இருட்டில் மதியழகன்.
"வாஷர்" என்றேன்.
"நான்தான் அன்றைக்கே சொன்னேனே" என்றார்.