நான்காவது துள்ளல்

டென்மார்க், வீபோர். நவம்பர்.
நான்கு மணிக்கே ஏரி கறுத்துவிட்டது.
டாக்னியின் திரையில் மட்டும் காலை எட்டு:
ஒரு சமையலறை, ஒரே ஜன்னல்,
கஞ்சிக் கிண்ணத்தின் முன் ஒரு பையன்.

ஒரு ஃப்ரேமுக்கு நான்கு மணி நேரம், பத்து நிமிடம்.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு ஃப்ரேம்.
இரவெல்லாம் இயந்திரங்களுக்குக் காவலிருப்பவன் நான்,
பெருக்கி வகுத்துச் சொன்னேன்:
"எட்டு இயந்திரத்துக்கு ஒன்பது இரவு பிடிக்கும்.
நமக்கிருப்பது இரண்டு. கஞ்சி ஆறிவிடும்."

"கூரையில் பெரிதாக ஒன்றை மாட்டு, தீர்ந்தது"
என்றான் வில்லாஸ், சைக்கிள் சாவியைச் சுழற்றியபடி.
அவள் திரும்பாமலே கேட்டாள்:
"உன் வீட்டில் கூரை விளக்கைக்
கடைசியாக எப்போது போட்டாய்?"
யோசித்தான்.
"சாவி தொலைந்த அன்று."

முதலில் வானத்துக்கு வழி காட்டினாள்:
சுவர் சுவராக முட்டித் தேடாதே,
இதோ ஜன்னல், இந்தச் சதுரத்துக்குள் வா.
பன்னிரண்டு முறை துள்ளித் திரிந்த ஒளியை
மூன்றோடு உட்கார வைத்தாள்.
யாருமே திறக்காத அலமாரிக்குள்
எவரோ மறந்த விளக்கொன்று
வாரக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தது. அணைத்தாள்.
தண்ணீர்க் குவளைக்குப் பொய் சொல்லக் கற்றுத்தந்தாள்:
நான் இங்கே இல்லை, நேரே போ.
கூரை மூலையில் மொய்த்த மின்மினிகள்
(வழிதவறிய வெள்ளைப் புள்ளிக்கு
எங்கள் தொழிலில் அதுதான் பெயர்)
ஒவ்வொன்றாய் அவிந்தன.

நாற்பத்தியொரு நிமிடம்!
கைதட்டப் போனேன்.

பையன் செத்திருந்தான்.

கண் திறந்திருக்கிறது, கரண்டி உயர்ந்திருக்கிறது,
தாடைக்கடியில் மட்டும் சாம்பல்.
நான்காவது துள்ளலில்தான்
மஞ்சள் மேசைவிரிப்பு
அவன் கழுத்துவரை ஏறிக்கொண்டிருந்தது போல.
யாரும் வைக்காத வெளிச்சம்,
எந்தப் பட்டியலிலும் இல்லாதது.

உள்ளங்கையகலத்தில் ஒரு விளக்கு வைத்தாள்,
கிண்ணத்துக்கும் கழுத்துக்கும் இடையில்.
நிழல் போடாது.
அவனைத் தவிர எதையும் தொடாது.
பக்கத்திலிருக்கும் கஞ்சிக்குக்கூடத் தெரியாது.
வைக்க ஒரு நிமிடம்.
நிறத்துக்குத்தான் அரை மணி:
மத்தியானம் தின்ற வாழைப்பழத்தின் தோலைத்
தன் மோவாய்க்குக் கீழே விரித்து,
மேசைவிளக்கைத் திருப்பிவைத்து,
இருண்ட ஜன்னல் கண்ணாடியில்
தன்னையே உற்றுப் பார்த்திருந்தாள்.
வெளியே யாரோ நாயோடு நின்று
இதைப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

நாற்பத்து மூன்று நிமிடம்.
பையனுக்குப் பசித்தது.

இரண்டு இரவும் இயந்திர அறை கொதித்தது.
ஈரக் காலுறையை அதன் முதுகில் காயப்போட்டு
ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.
நூற்றி ஆறில் ஒரு மின்மினி.
அவளை எழுப்பாமல் நானே அழித்தேன்.
இதுவரை சொல்லவில்லை.

வியாழன் காலை இயக்குநர் போதில் பார்த்தார்,
ஒரு தடவை, நின்றபடியே.
"கரண்டி அழகாக இருக்கிறது" என்றார்,
"அடுத்தது?"

டாக்னி நோட்டில் எழுதினாள்: கரண்டி, சரி.
கரண்டியை அவள் தொடவே இல்லை.