வெளியேறிய காரணம்

பீரோவில் கரையான் ஏறியதால்தான்
அந்தப் பதிவேடு வெளியே வந்தது.
வெயிலில் விரித்துப் போட்டேன்.
கொடிக்கம்பத்து நிழல் அதன்மேல் விழ விழ
இழுத்து இழுத்து வைத்தேன்.

ஐப்பசி பதினொன்று. ஒரே தேதி,
ஒரே சிவப்பு மை,
ஒன்பது பெயர்மேல் ஒரே கோடு.
ஸ்கேல் வைத்து இழுத்திருக்கிறார்
இந்த நாற்காலியில் எனக்கு முன் உட்கார்ந்த யாரோ.
குறிப்பு: ‘ஊரில் இல்லை.’

அப்பா பெயர் விடுபட்ட மூவருக்கும்கூட
சாதி விடுபடவில்லை.

நடவுக் கூலியில் அரை மரக்கால் கூடக் கேட்டதற்கு
ராத்திரியோடு ராத்திரியாக
மதகைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள்.
கீழத்தெருவின் மண்சுவர் கரைய
விடியும்வரை ஆகவில்லை.
எந்தக் கரையோடு போனார்கள் என்றால்
ஆளுக்கொரு திசை காட்டுகிறார்கள்.
வாரம் திரும்புமுன் அங்கே சம்பா நட்டதை மட்டும்
எல்லோரும் ஒன்றுபோல் சொல்கிறார்கள்.
நல்ல விளைச்சலாம் அந்த வருஷம்.

ஊரின் பெயர் அடைக்கலமங்கலம்.
போன மாதம்தான் பலகைக்குப் புது பெயிண்ட்.

கல் பதிக்க நான்கு கூட்டம் போட்டோம்.
‘ஆறின புண்ணை எதுக்கு’ என்றார் ஒருவர்.
‘ஆருக்கு ஆறுச்சு’ என்றாள்
மூன்றாவது வார்டு பூங்காவனம்,
அப்புறம் அரைமணி நேரம் மின்விசிறிச் சத்தம்தான்.
பித்தளையில் வேண்டாம்,
காயலான் கடைக்குப் போய்விடும் என்பதில்
இரண்டு தரப்பும் முதன்முதலாக ஒத்துப்போனது.
கருங்கல். உள்ளங்கை அகலம்.
பள்ளியிலிருந்து வயலுக்கு இறங்கும்
வாய்க்கால் கரைச் சாலையில்.

பக்கிரி. நாகூரான். அஞ்சலை.
சொர்ணம். சன்னாசி. காத்தான்.
ராமாயி, லெச்சுமாயி, இரண்டு கல்லும் ஒட்டி.
மாசிலாமணி, வயது ஆறு.

ஐந்தாம் வகுப்பு, பதினேழு பேர்,
குந்தி உட்கார்ந்து தடவிப் படித்தார்கள்.
மணிக்கட்டுகளில் கயிறுகள்,
இரண்டு நிறம் முறுக்கியவை,
மூன்று நிறம் முறுக்கியவை.
எந்த நிறம் யாருடையது என்று
நான் ஒருநாளும் பாடம் எடுத்ததில்லை.
வரும்போதே படித்துவிட்டு வருகிறார்கள்.

இரண்டு பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதிப் போயிருந்தேன்.
அதற்குள் யாழிசை கேட்டாள்:
‘டீச்சர், அவங்களுக்கு டி.சி. குடுத்தாங்களா?
இல்லாட்டி வேற ஸ்கூல்ல எப்படிச் சேத்துப்பாங்க?’

பேச்சை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

மதியம் முழுக்க டி.சி. எழுதினோம்.
நோட்டில் கட்டம் போட்டு, ஒன்பது பேருக்கும்.
பிறந்த தேதி தெரியாத இடத்தில்
‘நெல்லு பழுக்கறப்போ’ என்று எழுதினான் ஒருவன்.
நான் திருத்தவில்லை.
சாதிக் கட்டத்தில் பேனாக்கள் நின்றன.
தாண்டிப் போகலாமா என்று கேட்டார்கள்.
தாண்டலாம், ஆனால் கட்டத்தை அழிக்காதே,
அது இருந்தது தெரியட்டும் என்றேன்.

வெளியேறிய காரணம்:
அரை மரக்கால்.
தண்ணி.
வீடு கரஞ்சிடுச்சு.
நாங்க.

நவிலன் எழுதாமல் இருந்தான்.
மதகின் பழைய சாவி இன்னமும்
அவன் வீட்டு உத்திரத்தில் தொங்குகிறது.
கயிற்றின்மேல் சட்டைக் கையை இழுத்து மூடி
நெடுநேரம் கழித்து எழுதினான்:
‘எங்க வீட்ல சொல்லல.’

கடைசிக் கட்டம், நடத்தை.
‘நன்று’ன்னு போடுங்க,
எல்லா டி.சி.யிலும் அதுதான் என்றேன்.
தலை நிமிராமல் கேட்டான்,
‘யாரோட நடத்தை, டீச்சர்?’

மணி அடித்துவிட்டது.
அவன் கட்டம் காலியாகவே என் மேசைக்கு வந்தது.

தலைமையாசிரியர் முத்திரை வைக்க மாட்டேன் என்றார்.
விதியில் இடமில்லை என்றார்.
சாயங்காலம் எல்லோரும் போன பிறகு
மை காய்ந்த அட்டையில் எச்சில் தொட்டு
ஒன்பதிலும் வைத்தார்.

வாங்கிக்கொள்ள இதுவரை யாரும் வரவில்லை.
பீரோவில்தான் இருக்கின்றன.
கரையானுக்கு மருந்து அடித்திருக்கிறேன்.