காரணம் எழுத இரண்டு வரி இடம்

உங்கள் படிவத்தில் ஏழு கட்டங்கள் இருக்கின்றன.
ஏன் பார்ப்பதை நிறுத்தினீர்கள், ஒன்றில் டிக் செய்யவும்.
கதை பிடிக்கவில்லை. பாடல்கள் பிடிக்கவில்லை.
நேரம் ஒத்துவரவில்லை. இப்படியே போகிறது.
'இதர' என்பதன் பக்கத்தில் இரண்டு வரி.
என் கையெழுத்து பெரிது,
பின்பக்கமும் எழுதுகிறேன்.

டுலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன், பதினெட்டு வருடமாக.
உங்கள் தொடரிலும் ஒரு ஓட்டுநர் இருந்தார், புரூயிட்.
அவருக்காகத்தான் பார்க்க ஆரம்பித்தோம்.

முதல் சீசன், நான்காவது வாரம்.
கடைசி நிறுத்தத்தில் கடைசிப் பிள்ளையும் இறங்கியாயிற்று.
மனைவியின் வக்கீல் அனுப்பிய கடிதம்
பிரிக்காமலே மடியில் கிடக்கிறது.
வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து
பிரேக்கைப் பூட்டி
கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார்,
எந்தப் பிள்ளையாவது தூங்கிவிட்டதா என்று.
நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம்.
அப்புறம் பாடினார்.
குரலே கிடையாது அவருக்கு. மேலே போனால் கிழிந்தது.
வைப்பர் தாளம் போட்டது, அதுவும் கொஞ்சம் பிந்தி.
எங்கள் வீட்டில் அன்று ஒன்பது பேர்.
ஒருவரும் சிப்ஸ் பொட்டலத்தைத் தொடவில்லை.

அந்த வருடம் வியாழக்கிழமை என்றால் எங்கள் வீடு.
டிப்போவிலிருந்து மார்லிஸ், அவள் தம்பி,
எதிர்வீட்டு வாங் தம்பதி,
தரையில் குப்புறப் படுத்த என் மகள் கிறிஸ்டா.
டுவைட் மட்டும் சமையலறை வாசலில் நின்றபடியே;
உட்கார்ந்தால் பார்க்கிறான் என்று ஆகிவிடுமே.

இரண்டாம் சீசனில் புரூயிட்டின் குரல் குணமாகிவிட்டது.
கணினியில் நீவிவிட்டிருக்கிறீர்கள்,
இஸ்திரி போட்ட மாதிரி ஒரு சுருக்கம் இல்லை.
மூன்றாவதில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் பாடினார்கள்.
காபி ஆறிவிட்டதா, பாட்டு.
வாடகை பாக்கியா, பாட்டு.
பாட்டை முதலில் வாங்கிவிட்டு
அதற்கேற்ற துக்கத்தைப் பிறகு தேடினீர்கள்,
பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு
சட்டை தைக்கிறவர் மாதிரி.

அப்புறம் அந்த எபிசோட்.
நெடுஞ்சாலையில் வண்டி ஓடுகிறது, உள்ளே முப்பது பிள்ளைகள்.
புரூயிட் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து
எழுந்து நின்று ஆடினார்.
மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டாள்.
ஒரு வார்த்தை இல்லை.
பனிக்காலணியின் ஜிப் ஏறும் சத்தம் மட்டும்.

இங்கே நிறுத்தினால் உங்களுக்கு வசதி,
எனக்கும்.

ஆனால் மார்லிஸின் தம்பி அதற்கு முன்பே
இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டான்.
வாங் வீட்டில் இரட்டைக் குழந்தைகள்.
கிறிஸ்டா ஃபார்கோவுக்குப் போனாள்;
போகும் முன் நாங்கள் இருவரும் பேசியதை
எந்த மெட்டிலும் போட முடியாது.
அங்கே பழைய எபிசோட் ஒன்றைப் பார்த்தாளாம்.
வைப்பர் வரும் அதே எபிசோட்.
"அம்மா, இது அப்பவே இப்படித்தான் இருந்துச்சா?"
போனில் கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.
ஒன்பது பேர் மூச்சை அடக்கிய அறையில்
எந்தக் குரலும் நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொன்று.
கணக்கெடுப்பவர்கள் பொருத்திய கறுப்புப் பெட்டி
எங்கள் டிவியில் இருந்தது.
கடைசி வருடம் முழுக்க, வியாழன் எட்டு மணிக்கு
டிவியைப் போட்டுவிட்டு
நாயோடு ஏரிப்பக்கம் நடக்கப் போய்விடுவேன்.
ஒன்பதுக்கு வந்து அணைப்பேன்.
உங்கள் அட்டவணையில் நாங்கள் விசுவாசமான வீடு.
புரூயிட் காலி சோபாவுக்குப் பாடியிருப்பார்.
ஏமாற்றுதான். ஆனாலும்
அவரை நானே அணைக்க மனம் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் கடைசிப் பிள்ளை இறங்கியது.
நியூட்ரல். பிரேக். கண்ணாடியில் பார்த்தேன்,
காலி இருக்கைகள், ஒரு ஒற்றைக் கையுறை.
வாயைத் திறந்தேன்.
இருமல்தான் வந்தது.
கையுறையை எடுத்து டேஷ்போர்டில் வைத்தேன்,
நாளைக்குத் தேடும்.

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன்.
நேரம் ஒத்துவரவில்லை.

வெர்னா ஒயாலா