வரை

என் அறைச் சுவரில் ஒரு பலகை.
எனக்கு முன்பு இருந்தவர்கள் பதினெட்டுப் பேர்.
பெயர், "முதல்", "வரை" என்று மூன்று பத்தி.
பத்தொன்பதாவது நான்.
"வரை" மட்டும் இன்னும் எழுதவில்லை.
பெயின்டர் இடம் விட்டிருக்கிறார்,
ஒரு தேதி அளவுக்கு.

பள்ளத்தூர்ப் பேரூராட்சி. பதவி, செயல் அலுவலர்.
செயல் என்று பெயரிலேயே இருப்பதால்
செய்துவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தேன்.

ஐப்பசி மழையின் மூன்றாம் நாள்
பூட்டிக் கிடந்த வீட்டின் பின்கட்டுச் சுவர்
அங்கன்வாடிப் பக்கமாகச் சாய்ந்தது.
விரிசலுக்குள் என் கை
மணிக்கட்டு வரை போனது.

வீட்டுக்கு இருபத்தேழு புள்ளி.
ஆகவே அறிவிப்பும் இருபத்தேழு.
ஈப்போ, பினாங்கு, டல்லஸ்; அண்ணாநகரில் மட்டும் ஆறு.
பதினொன்று திரும்பி வந்தன.
ஒன்றில் பெறுநர் இறந்து முப்பது வருஷம்,
பேரன் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தான்.

அவசரம் என்றால் காத்திருக்க வேண்டாம்
என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு.
நான்கு முறை படித்தேன்.
கொஞ்சம் இழுத்துப் படித்தால் வீடே போய்விடும்.
எழுதியவர் சுவரை மட்டும்தான் நினைத்திருந்தார்.

திருவேட்டை சுண்ணாம்பு கரைத்துக் கோடு போட்டார்.
இந்தப் பக்கம் ஆபத்து.
அந்தப் பக்கம் சொத்து.

தலைவர் வந்தார். என்னைப் பார்க்காமல்,
"ஆரோக்கியம், கையோட கையா
வளவு வரைக்கும் தள்ளிடு,
மேடம் கண்டுக்க மாட்டாங்க."
மேடம் கண்டுகொண்டேன்.
"எழுத்துல குடுங்க சார்."
நாட்டில் பாதிக் காரியங்களை நிறுத்திய வாக்கியம்.
அவர் பேனாவைத் தேடவில்லை.
செல்போனை எடுத்து யாருக்கோ
என் பெயரை இனிஷியலோடு சொன்னார்.

பதினொன்றே முக்காலுக்கு ஜேசிபி தொட்டது.
மேல்வரிசைச் செங்கல், தேக்கு உத்தரத்தின் நுனி,
ஒரு மரநாய், அதன் குட்டி.
பன்னிரண்டு ஐந்துக்குப் போன் அதிர்ந்தது.
மதுரையிலிருந்து. வயிரவன் என்ற ஒரு புள்ளி,
இருபத்தேழில் ஒன்று,
வக்கீல் வைத்து வாங்கிய இடைக்காலத் தடை.
புதன் வரை.

பார்க்காமல் இருந்திருக்கலாம்.
இன்னும் பத்து நிமிஷம்தான்.
டவர் இல்லை என்றால் அந்த மழையில் யார் கேட்பார்கள்?
சுவர் விழுந்திருக்கும், பிள்ளைகள் மேல் விழாமல்.
நான் செய்தது சரி. இன்றைக்கும் சொல்கிறேன்.

கையைத் தூக்கினேன்.
இயந்திரத்தின் கையும் அந்தரத்தில் நின்றது.
இத்தனை வருஷ உத்தியோகத்தில்
நான் செலுத்திய ஆகப்பெரிய அதிகாரம் அதுதான்.
அது என்னுடையதும் இல்லை.

பிறகு ஐந்து நாள்
அரசாங்கம் என்பது ஒரு நைலான் கயிறு,
ஒரு ஸ்டூல், அதன்மேல் குடையோடு திருவேட்டை.
"அந்தாண்ட போ, அந்தாண்ட போ."
ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு போனேன்.
விரிசலில் கை
முழங்கை வரை.

தணிக்கையில் கேட்டார்கள்:
கயிறு முந்நூற்று நாற்பது ரூபாய், யார் ஒப்புதல்?

புதனன்று நீதிபதி வரைபடத்தைத் தள்ளிவைத்துவிட்டு
கோட்டின் புகைப்படத்தைக் கேட்டாராம்.
கோடு வரை இடிக்கலாம்.
ஒரு செங்கல் தாண்டக் கூடாது.
இங்கே மழை அதைப் பாதி கரைத்திருந்தது.

மறுபடி சுண்ணாம்பு கரைத்தோம்.
வாளியைப் பிடித்துக்கொண்டே திருவேட்டை சொன்னார்,
பெயின்டர் நம்பர் யாரிடம் இருக்கிறதென்று
தலைவர் ஆபீஸில் விசாரித்தாராம்.